இடது கைக்காக ஒரு ஜெபம்

கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதி எழுதியிருந்தபோது கங்கம்மா ஆயா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "ஹெப்சி மிஸ், பிரின்ஸ்பல் மேடம் உன்ன இட்டாரச் சொன்னாங்க. ஒடனே வரணுமாம்." சாக்பீஸைக் கீழே வைப்பதற்கு முன்பே என் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டது. பொத்தான் இருக்கிறதா? இருக்கிறது. யார் என்னைக் கூப்பிட்டாலும் இதுதான் என் முதல் வேலை. பஸ் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினாலும், காய்காரம்மா மீதிச் சில்லறையை நீட்டினாலும், முதலில் பொத்தான், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

"எதுக்கு ஆயா?"

"எனக்கு இன்னா தெரியும்? உன் கிளாஸ் பொண்ணு ஒண்ணு அங்க அழுதுகினு நிக்குது. ஒல்லியா, காது மூக்குல ஒண்ணும் இல்லாம இருக்குமே, அது."

கெசியாவைத்தான் சொல்கிறாள். போச்சு, சொல்லிவிட்டாள். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததே பெரிசு, பதினாறு வயசுப் பெண்ணை நம்பி இருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். "சத்தம் போடாம படிச்சிட்டிருங்க" என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் சொன்ன குரல் என்னுடையது போலவே இல்லை. எங்கள் பள்ளியின் மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தால் தாம்பரம் ரயில் தண்டவாளங்களும், அதற்கு அப்பால் மேற்குப் பக்கக் கடைகளின் கூரைகளும் தெரியும். தினமும் கொஞ்ச நேரமாவது நின்று பார்ப்பேன். அன்றைக்கு மாடிப்படியின் கைப்பிடியைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை.

எல்லாம் போன மாதம் லேபில் ஆரம்பித்தது. நான் கெமிஸ்ட்ரி டீச்சர், பிளஸ் ஒன்னுக்கு கிளாஸ் டீச்சரும் நான்தான். சால்ட் அனாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் டெஸ்ட் டியூபைத் திருப்பிய திருப்பில் சல்பூரிக் ஆசிட் என் இடது கைப் பட்டியில் தெறித்தது. துணி கருகி ஓட்டை விழ ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றிருந்த கெசியா என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்தாள். "கைய குடுங்க மிஸ், கைய குடுங்க!" நான் கொடுக்கவில்லை. எரிகிற கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆசிட் பட்ட கையைத் தண்ணீருக்குக் காட்டாமல் ஒளித்த கெமிஸ்ட்ரி டீச்சர் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் பெண் பலத்தைக் காட்டி என் விரல்களைப் பிரித்து, பொத்தானைக் கழற்றி, சட்டைக்கையை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிப் பச்சை குத்திய ஒரு கொடி, வளையல் மாதிரி. சின்னச் சின்ன இலைகள், இலைக்கு இலை நடுவில் ஒரு மொட்டு. சுற்றி வந்து உள்பக்கத்தில், நரம்பு ஓடுகிற இடத்தில், சுண்டுவிரல் அகலத்துக்குச் சேராமல் நின்றுவிடும். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மற்றப் பிள்ளைகள் பார்க்காதபடி தன் முதுகைத் திருப்பி மறைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "இதனாலதான் சபையில இந்தக் கைய தூக்க மாட்டீங்களா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்றேன். "நம்ம சபையில சத்தியம் பண்ணக் கூடாது மிஸ். ஆனா சொல்ல மாட்டேன்" என்றாள். தன் கர்ச்சீப்பைச் சுற்றிக் கட்டிவிடும்போது, "ரொம்ப அழகா இருக்கு மிஸ்" என்றாள்.

நாங்கள் இருவரும் ஒரே சபை. சேலையூரில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே, நகை போடாத சபை. தோடு கிடையாது, வளையல் கிடையாது, கல்யாணத்துக்குத் தாலிகூடக் கிடையாது. பிறந்ததிலிருந்து அப்படியே வளர்ந்ததால் எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை, காட்டாங்குளத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிற வரைக்கும். அங்கே என் ரூம்மேட் விஷ்ணுப்ரியா. அவள் கையை ஆட்டிப் பேசினால் அறையே சலசலக்கும். எதனிக் டே அன்று எல்லாப் பெண்களும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தார்கள். எனக்கும் ஒரு டஜன் மாட்டிவிட்டாள். ஃபோட்டோ எடுக்க வந்ததும் அவசர அவசரமாகக் கழற்றிவிட்டேன், படம் எப்படியாவது சபைக்கு வந்து சேர்ந்துவிடுமென்று பயம். அன்று சாயங்காலம் காலேஜ் கல்ச்சுரல்ஸில் ஒருத்தன் ஸ்டால் போட்டுப் பச்சை குத்திக்கொண்டிருந்தான். எனக்குத் தோன்றிய நியாயம் இதுதான்: நகை என்றால் தங்கம், வெள்ளி, கண்ணாடி. மை எப்படி நகையாகும்? கழற்றவே முடியாத வளையல், ஆனால் வளையல் இல்லை. இந்த அதிபுத்திசாலித்தனம் நகை போட்டு வளர்ந்த பெண்களுக்கு வருமா? வராது. எங்களுக்குத்தான் வரும். நரம்பு மேல் ஊசி வந்தபோது நான் போட்ட கூச்சலில் அவன் பயந்துபோய் ஊசியை எடுத்துவிட்டான். மிச்சத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றான். அந்த அப்புறம் வரவே இல்லை.

அம்மா அதைப் பார்த்த அன்று சாப்பிடவில்லை. நகையையாவது கழற்றிப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கலாம், இதை என்னடி பண்ணுவே என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அப்பா இல்லாத வீடு, சபைதான் எங்களுக்குச் சொந்தபந்தம் எல்லாம். மறுநாளே அம்மா தையல் மிஷினை இழுத்துப் போட்டு முழுக்கை பிளவுஸ் தைக்க ஆரம்பித்தாள். வெளிர் நிறமென்றால் கைக்கு உள்ளே லைனிங் வைத்துத் தைப்பாள். ஆசிட்டில் ஓட்டை விழுந்தது திங்கட்கிழமை யூனிபார்ம் பிளவுஸ். சந்தன நிறம். புதிதாகத் தைத்ததற்கு லைனிங் துணி அதே நிறத்தில் கிடைக்கவில்லை. "துணி கெட்டியாதான் இருக்கு, தெரியாது" என்று சொல்லி அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தாள். ஆயா வந்து கூப்பிட்ட அன்றும் திங்கட்கிழமை, அதைத்தான் போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைதான் பெரிய கண்டம். எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் சொல்வார்கள். தூக்கினால் சட்டைக்கை இறங்கும், பொத்தானை நம்ப முடியாது. நான் வலது கையை மட்டும் தூக்குவேன். கொஞ்ச நாளில் பாஸ்டர் அம்மா கவனித்துவிட்டார். "தோள் வலியா மகளே?" ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், அடுத்த உபவாச ஜெபத்தில் என்னை நடுவில் உட்கார வைத்து என் இடது கைக்காக சபையே ஜெபித்தது. மூப்பர் தயாளன் பிரதர், கெசியாவின் அப்பா, கண்ணீர் விட்டு ஜெபித்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இன்று வரைக்கும் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கை எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்காமல் இருந்ததில்லை. இந்த ஸ்கூலில் எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவர்தான்.

வேலையில் சேர்ந்த அன்று பிரின்ஸ்பல் சரோஜினி மேடம் என்னை மேலும் கீழும் பார்த்து, "நகையும் இல்ல, முழுக்கை பிளவுஸ் வேற. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று பூரித்துப் போனார். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பெயரே 'ஃபுல் ஹேண்ட் சிஸ்டர்'. மே மாத வெயிலில் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கும்போது கீதா மிஸ் தன் சாக்பீஸ் டப்பாவால் எனக்கு விசிறிவிட்டுச் சிரிப்பாள். போன வருஷம் சின்மயி என்று ஒரு டான்ஸ் டீச்சர் இன்டர்வியூவுக்கு வந்தாள். முன்கையில் ஒரு மயிலிறகு, அதை மறைக்க அவள் எதுவும் செய்யவில்லை, தலைமுடியை ஒதுக்குவது போல அவ்வளவு சாதாரணமாகக் கையை வைத்துக்கொண்டு பேசினாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. மேடம் அவளுக்கு டீ கொடுத்து, நன்றாகப் பேசி, அனுப்பிவிட்டார். "நல்ல பொண்ணுதான். ஆனா பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்க? டீச்சர் கைய பாத்துத்தானே பிள்ளைங்க எழுதக் கத்துக்கறாங்க" என்றார் என்னிடம். கங்கம்மா ஆயாவின் முன்கை முழுக்கப் பச்சைதான், அவள் கையால் கொடுத்த டீயைத்தான் மேடம் குடித்துக்கொண்டிருந்தார். ஆயா பச்சையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்தேன். கெசியா மேடத்தின் மேசைக்குப் பக்கத்தில் இடது கையை நீட்டியபடி நின்றிருந்தாள். மேசை மேல் ஒரு கர்ச்சீப் சுருண்டு கிடந்தது.

"வாங்க மிஸ். பாருங்க உங்க கிளாஸ் பொண்ணோட லட்சணத்தை. சுளுக்குன்னு சொல்லி கர்ச்சீப்பைக் கட்டிட்டுத் திரிஞ்சிருக்கா. பி.டி. சார் அவுக்கச் சொன்னா ஒரே அழுகை. உள்ளே பாத்தா இது."

நான் பார்த்தேன். பச்சைக் கொடி. சின்னச் சின்ன இலைகள், இலைக்கு இலை நடுவில் மொட்டு. உள்பக்கத்தில், நரம்பு ஓடுகிற இடத்தில், சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி. என் கையை யாரோ வெட்டி அவளுக்கு ஒட்டிவிட்டது போல இருந்தது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்கெட்ச் பேனாவாம்" என்றார் மேடம். "மெஹந்தியே போடக் கூடாதுன்னு ரூல் இருக்கு, இது ஒரு புது ஃபேஷன். அவ அப்பாவுக்கு போன் பண்ணிட்டேன், வந்துட்டிருக்கார். அந்த மனுஷன் முன்னாடி இந்தக் கோலத்துல நிக்க வேணாம், பாவம். வர்றதுக்குள்ள கூட்டிட்டுப் போய் நல்லா தேச்சுக் கழுவி விடுங்க. கழுவிட்டு என்கிட்ட காட்டுங்க."

சரோஜினி மேடம் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில்தான் கை கழுவுகிற தொட்டி. ஆயா சோப்பையும் பாத்திரம் தேய்க்கிற நாரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். குழாயைத் திறப்பதற்கு முன் நான் கேட்ட முதல் கேள்வி, "என்னைப் பத்திச் சொல்லிட்டியா?" என்பதுதான்.

"இல்ல மிஸ்."

பிறகுதான் அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணீர் காய்ந்து கோடு கோடாக இருந்தது. சோப்பைக் குழைத்து அவள் மணிக்கட்டில் ஒரு முறை தேய்த்தேன். ஒரே முறைதான். விரலுக்கடியில் தோல் தடித்து மேடாக இருந்தது, பச்சையும் கறுப்புமாகப் பொருக்கு உதிர்ந்து நுரையோடு போனது, அதற்கடியில் கொடி இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"இது பேனா இல்ல."

"ஆமா மிஸ்."

"எங்க போட்ட?"

"மார்க்கெட் பக்கம் மாடியில ஒரு கடை இருக்கு மிஸ். பதினெட்டு முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்."

"ஊசி புதுசா மாத்துனானா?"

"தெரியல மிஸ். கண்ண மூடிட்டிருந்தேன்."

என்னென்ன நோய் எந்தெந்த ஊசியில் வருமென்று இதே வாயால் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஜுரம் இருக்கிறதா என்று அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். இல்லை. "ஏண்டி இப்படிப் பண்ணே?" என்றேன். திட்டுவது போல ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

"நகைதானே மிஸ் போடக் கூடாதுன்னு சொல்றாங்க. இது நகை இல்லையே."

இந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை.

"இந்த இடத்தை ஏன் விட்ட?" என்று இடைவெளியைத் தொட்டுக் கேட்டேன்.

"உங்களுதுல அப்படித்தானே இருந்துச்சு. அதுதான் டிசைன்னு நினைச்சேன். அவன் சேத்துடவான்னு கேட்டான், நான்தான் வேணாம்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என்னுடைய கூச்சலைப் போய் இந்தப் பெண் அழகு என்று நினைத்து வலிக்க வலிக்கத் தன் கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குருடனுக்கும் தெரிந்துவிடும். ஜன்னலில் மேடத்தின் தலை தெரிந்தது. நான் குனிந்து தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டு, நாரை எடுத்து, அவள் தோலில் படாமல் என் விரல் மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயா திரும்ப வந்தாள். "தள்ளு மிஸ். நீ இன்னா பூ மாரி தடவிக்கினு கீற? மேடம் பாத்துகினு கீறாங்க." கெசியாவின் கையைப் பிடுங்கி நாரை வைக்கப் போனவள் அப்படியே நிறுத்தினாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "அய்யய்ய, இது குத்துனது மிஸ்! எங்கிட்டயேவா? தேச்சா ரத்தம்தான் வரும், இது போவாது."

"ஆயா, மெதுவா பேசுங்க. மேடம்கிட்ட..."

"நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? எனக்கு இன்னாத்துக்கு பேஜாரு? அதோ, அது அப்பாரு வண்டியே வந்துடுச்சு."

தயாளன் பிரதர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார். எல்லோரும் உள்ளே போனோம். நான் கெசியாவுக்குப் பின்னால் நின்றேன், இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

அவர் மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தன் கர்ச்சீப்பால் ஒற்றி எடுத்தார். கர்ச்சீப்பைப் பார்த்தார். அதில் மை இல்லை, புள்ளி மாதிரி ரத்தம் இருந்தது.

"இது பேனா இல்ல மேடம்" என்றார்.

மேடம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "கர்த்தரே" என்று மட்டும் சொன்னார்.

தயாளன் பிரதர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. குரலை உயர்த்தவே இல்லை. "எந்தப் பையன்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லப்பா."

"பேரைச் சொல்லும்மா. எந்தப் பையன் கூட்டிட்டுப் போனான்?"

"யாரும் கூட்டிட்டுப் போகலப்பா. நானேதான் போனேன்."

"நீயேவா? நம்ம வீட்ல பொறந்த பொண்ணுக்கு இதெல்லாம் தன்னால தோணுமா? யாரோ சொல்லிக் குடுத்திருக்கான். யாரோ கைய காட்டியிருக்கான்." அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவரும் பயந்துதான் போயிருந்தார், என்னைப் போலவே. "மேடம், டி.சி. குடுத்துடுங்க. இன்னையோட போதும். படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவன் யாருன்னு தெரியற வரைக்கும் வீட்டை விட்டு இவ வெளிய வர மாட்டா."

"அவசரப்படாதீங்க பிரதர். நல்லா படிக்கிற பொண்ணு. ஆனா அந்தப் பையன் யாருன்னு எங்களுக்கும் தெரியணும். சொல்லு கெசியா. சொன்னா நான் அப்பாகிட்ட பேசறேன்."

கெசியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. 'ஹெப்சி மிஸ் கையைப் பாருங்க' என்றால் தீர்ந்தது, பையனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொல்லிவிடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். கொஞ்ச நேரத்தில், சொல்லித் தொலையேன், என்னையே சொல்ல வைக்காதே என்றும் கெஞ்சினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லவில்லை. சத்தியம் பண்ணாத வாக்கு அது.

மேடம் பெருமூச்சு விட்டார். "ஹெப்சி மிஸ்ஸும் உங்க சபைதானே கெசியா? அவங்களும் வயசுப் பொண்ணுதானே? ஒரு வளையல் உண்டா, மோதிரம் உண்டா? எவ்வளவு கண்ணியமா இருக்கு அந்தக் கை. மிஸ், இப்படி முன்னாடி வாங்க. உங்க ரெண்டு கையையும் இவளுக்குக் காட்டுங்க. பாத்துக் கத்துக்கட்டும்."

முன்னால் போனேன். வலது கையை நீட்டினேன். அப்போதுதான் முந்தானைக்குள் இடது கை குளிர்ந்தது எனக்கு உறைத்தது. தொட்டியில் தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டதில் சட்டைக்கை முழங்கை வரைக்கும் ஊறிப்போயிருந்தது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தேன். லைனிங் இல்லாத சந்தன நிறத் துணி தோலோடு தோலாக ஒட்டியிருந்தது, அதற்கடியில் ஒவ்வோர் இலையும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது.

"இடது கை வேணாம் மேடம்" என்றார் தயாளன் பிரதர். அந்த வேதனையிலும் அவருக்கு என் ஞாபகம் இருந்தது. "சிஸ்டருக்கு அந்தக் கை வராது. நாங்க ஜெபிச்சிட்டிருக்கோம்."

"அப்படியா? எனக்குத் தெரியாதே. சரி சரி, விடுங்க மிஸ்."

விட்டார்கள். அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டார்கள். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா நின்றால் போதும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், லைனிங் எப்படியாவது வாங்கிவிடம்மா என்று சொன்னால் போதும். மயிலிறகோடு வந்த சின்மயி மேடத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனது நினைவுக்கு வந்தது. மிஷின் முன்னால் குனிந்திருக்கும் அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது. இந்த வேலை போனால் சபையும் போகும், சபை போனால் அம்மாவுக்கு யாருமே இல்லை.

கெசியா அப்போது முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள். என் முந்தானையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அப்பாவுக்குத் தெரியாதபடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சமே கொஞ்சம் தலையை அசைத்தாள். வேண்டாம் மிஸ்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வரவில்லை. அது இல்லாமலேதான் இடது கையை முந்தானையிலிருந்து எடுத்துத் தோளுக்கு மேலே தூக்கினேன், ஆராதனையில் எல்லோரும் தூக்குவது போல.

"ஸ்தோத்திரம்!" தயாளன் பிரதரின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. மகளை மறந்து, இருந்த இடத்தை மறந்து, அவர் இரண்டு கையும் மேலே போய்விட்டது. கண் நிறைந்துவிட்டது. "கை சுகமாயிடுச்சா சிஸ்டர்? எப்போ? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

"இருங்க பிரதர்" என்றேன்.

கையை இறக்கி மேடத்தின் மேசைக் கண்ணாடி மேல், கெசியாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். வலது கையால் பொத்தானைப் பிடித்தேன். நாளெல்லாம் இருக்கிறதா இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்த பொத்தான். துணி ஈரத்தில் ஊறி அதன் ஓட்டை இறுகிப்போயிருந்தது, விரலுக்கு அது லேசில் அசைந்து கொடுக்கவில்லை. சட்டைக்கையிலிருந்து வடிந்த தண்ணீர் கண்ணாடி மேல் ஓடி ஓரத்தை நோக்கிப் போனது. மேடம் அதைத் துடைக்கவில்லை. தயாளன் பிரதரின் கைகள் இன்னும் இறங்கவில்லை. பொத்தான் பாதி வெளியே வந்திருந்தது.